சொட்டும் வியர்வை குளிர்விக்காது

மாணவர்களே, சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் தம்போயிலிருந்து தஞ்சோங் பியாய்க்குத் தனியாகச் சைக்கிளில் போனேன். ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி முனை அது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான் வடக்கே இருக்கிறது. ஸ்கூடாய், பெக்கான் நானாஸ், பொந்தியான் வழியாகப் போய், இரவு கூக்கூப்பில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் காலையில் முனையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். சைக்கிளின் பின்னால் இரண்டு பைகள். அவற்றில் கூடாரம், பாய், மாற்றுடை, டியூப் ஒட்டும் சாமான்கள், 2 லிட்டர் தண்ணீர்.

காலை 6.30க்குக் கிளம்பியிருக்க வேண்டும். பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நேரம் போய், வீட்டை விட்டு இறங்கும்போது மணி 10 ஆகிவிட்டது. பெக்கான் நானாஸை அடைந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது. சாலையோரம் அன்னாசிப் பழச்சாறு விற்கும் கடையில் நிறுத்தினேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும் போலிருந்தது. சாறு 3 ரிங்கிட் 50 சென். 10 ரிங்கிட் நோட்டைக் கொடுத்தேன். கடைக்கார அம்மா மீதியைக் கையில் வைத்தார். சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண வரவில்லை. பத்திலிருந்து மூன்றரையைக் கழித்தால் எவ்வளவு என்பது எனக்குத் தெரியவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போதே கைகளில் மயிர் சிலிர்த்தது, குளிர்வதுபோல் இருந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டுடுக் டுலு, டிக்" என்றார். முதலில் உட்கார், தம்பி. நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார். மேசை விசிறியை என் பக்கம் திருப்பினார். ஐஸ் சுற்றிய துணியைக் கொண்டுவந்து என் பிடரியில் வைத்தார்.

அன்று கைப்பேசி காட்டிய வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ். நமக்கு அது புதிதே இல்லை. பள்ளித் திடலில் நாம் அன்றாடம் பார்க்கும் வெப்பம்தான். பிறகு ஏன் ஓர் அறிவியல் ஆசிரியருக்குக் கழித்தல் மறந்துபோனது? இந்த வாரம் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சைக்கிள் ஓட்டுபவரின் உடலை ஓர் இயந்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உணவிலிருந்து தசைகள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே பெடலைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மீதி நான்கு பங்கும் வெப்பம். சுமையோடு போகும் ஒருவர் பெடலுக்கு 100 வாட் கொடுக்கிறார் என்றால், அவர் உடலுக்குள் 400 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு மணி நேரத்திற்கு 400ஐ 3,600ஆல் பெருக்கினால் 1,440,000 ஜூல். உடலின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3,500 ஜூல். 60 கிலோ எடையுள்ளவரின் உடல் ஒரு டிகிரி சூடேற 210,000 ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள். உண்டான வெப்பம் எதுவும் வெளியேறாவிட்டால், ஒரே மணி நேரத்தில் உடல் ஏறத்தாழ 7 டிகிரி சூடாகும். 37லிருந்து 44! அந்த எண்ணை எட்டியவர் உயிர் பிழைப்பது மிக அரிது. 40ஐத் தாண்டும்போதே மூளை தடுமாறும்.

ஆகவே உடல் இந்த வெப்பத்தை உண்டாகும் வேகத்திலேயே வெளியே தள்ளியாக வேண்டும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி, காற்று 33 டிகிரி. இரண்டே டிகிரி வேறுபாட்டில் காற்றுக்குக் கடத்தப்படும் வெப்பம் சொற்பம். கதிர்வீச்சு வழியாக வெளியேற்றலாம் என்றால், மேலே வெயிலும் கீழே 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும் தார்ச்சாலையும் நமக்குத் திருப்பி அனுப்புகின்றன. மிஞ்சுவது ஒரே வழி, வியர்வை ஆவியாதல். படிவம் 4 இயற்பியலில் 'ஹாபா பெண்டாம் தெந்து' என்று மலாயில் படிக்கிறீர்களே, தன் உள்ளுறை வெப்பம், அதுதான் இங்கே உயிர் காக்கிறது. தோலின் வெப்பநிலையில் 1 கிலோ வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400,000 ஜூல் தேவை. நம் 1,440,000 ஜூலை எடுத்துச்செல்ல 600 கிராம் ஆவியானால் போதும். வெயிலின் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

'ஆவியானால்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அன்று என் மூக்கு நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வியர்வை சொட்டிக்கொண்டே வந்தது. நன்றாக வியர்க்கிறது, உடம்பு நன்றாகக் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். சாலையில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் என் உடலிலிருந்து தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போனது. வெப்பத்தை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனது.

ஏன் சொட்டியது? தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள், கோடையில் மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று சொல்வார்கள். பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே பானையை வாங்கிவந்து தம்போயில் வைத்தால் அந்த அளவுக்குக் குளிராது. பானையில் குறையில்லை, நம் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது.

இதையும் எண்ணால் பார்க்கலாம். வேலூரில் ஒரு மே மாதப் பிற்பகல் 40 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 51 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் கால்பங்கு என்றால் 13 கிராம். ஜொகூரில் 33 டிகிரி, 65 விழுக்காடு என்றால், தாங்கக்கூடிய 36 கிராமில் 23 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. வியர்வையில் நனைந்த தோலை ஒட்டிய காற்று 35 டிகிரியில் 40 கிராம் வரை நீராவி வைத்திருக்கும். வியர்வை ஆவியாகும் வேகத்தை முடிவு செய்வது இந்த 40க்கும் சுற்றுக் காற்றுக்கும் உள்ள இடைவெளி. வேலூரில் அது 27 கிராம். நமக்கு 17 கிராம்தான். காற்றின் வேகம் ஒன்றாக இருந்தால், நம் ஊரில் வியர்வை அங்கே ஆவியாகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே ஆவியாகும். மீதி சொட்டும். அதற்காக வேலூர் வெயில் சுகமானது என்று பொருளில்லை. அங்கே தோலைவிடக் காற்று சூடானது, ஆகவே காற்றே உடலுக்கு வெப்பம் ஏற்றும். ஆனால் '40 டிகிரிதான் ஆபத்து, 33க்கு ஒன்றும் ஆகாது' என்று நம்புகிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப எச்சரிக்கையை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை, 37 முதல் 40 வரை இருந்தால் வெப்ப அலை, 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. நாட்டின் அதிகபட்சப் பதிவு 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் சூப்பிங்கில் பதிவானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த நிலைகள் வெப்பநிலையை மட்டுமே வைத்து வகுக்கப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாத ஒரு நாளில்தான் எனக்குக் கழித்தல் மறந்துபோனது.

உடற்பயிற்சிக்கு ஏற்ற அளவு ஒன்று உண்டு. 1950களில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் சுருண்டு விழுந்தபோது உருவானது. மூன்று வெப்பமானிகள்: ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், ஒன்று வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும், ஒன்று நிழலில் சும்மா இருக்கும். இறுதி எண்ணைக் கணக்கிடும்போது ஈரத்துணிக்கு 70 விழுக்காடு மதிப்பு, கறுப்பு உருண்டைக்கு 20, நாம் தினமும் பேசும் சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10. ஈரத்துணி வெப்பமானி நம் தோலின் பிரதிநிதி. மேலே சொன்ன வேலூர்ப் பிற்பகலில் அது ஏறத்தாழ 24 டிகிரி காட்டும், பெக்கான் நானாஸில் 27க்கு மேல் காட்டும்.

இங்கே புத்திசாலி மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார். "சார், காலை 7 மணிக்கு ஈரப்பதம் 95 விழுக்காடு, பிற்பகலில் 65 விழுக்காடு. அப்படியானால் பிற்பகலில் ஓட்டுவதுதானே நல்லது?" நல்ல கேள்வி. பெரியவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். விழுக்காடு என்பது காற்று தாங்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு என்பதுதான். காலை 25 டிகிரியில் காற்று தாங்குவதே 23 கிராம். அதில் 95 விழுக்காடு ஏறத்தாழ 22 கிராம். பிற்பகலில் பார்த்தோமே, 23 கிராம். ஏறக்குறைய அதே நீராவி! தோலுக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி காலையில் குறைவதில்லை. அதோடு காற்று தோலைவிட 10 டிகிரி குளிர்ந்திருப்பதால் நேரடியாகவும் வெப்பம் வெளியேறும், வெயிலும் சாய்வாக இருக்கும். காலையே சிறந்தது.

எதுவரை காலை? நம் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 120 டிகிரிக்கு உரியது. ஜொகூர் பாரு இருப்பதோ ஏறத்தாழ 103.7 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 65 நிமிட வேறுபாடு. ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணியை ஒட்டி. மார்ச் 24 வாக்கில் பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டு 1 மணியிலிருந்து பாருங்கள், நிழல் குச்சியின் அடியிலேயே ஒடுங்கிவிடும். காலை 10 மணி என்பது சூரியனுக்கு 9 மணிதான் என்பது லாபம். ஆனால் மாலை 5 மணி அதற்கு இன்னும் 4 மணி. '5 ஆகிவிட்டது, கிளம்பலாம்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சைக்கிளுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஓட்டத்திலேயே காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் வினாடிக்கு 5 மீட்டர் காற்று. தோலை ஒட்டிய ஈரப் படலத்தை அது துடைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது வியர்ப்பதே தெரியாமல், சிவப்பு விளக்கில் நின்றதும் வியர்வை ஆறாக ஓடுவது இதனால்தான். வியர்வை அதுவரையும் வந்துகொண்டுதான் இருந்தது, காற்று அதை எடுத்துக்கொண்டிருந்தது. இதிலிருந்து இரண்டு விளைவுகள். மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்து காற்று போய்விடும், ஆனால் தசை உண்டாக்கும் வெப்பம் கூடும். பின்காற்று வீசும்போது சுகமாக ஓட்டுவோம், ஆனால் காற்றும் நம் வேகத்திலேயே வந்தால் நமக்குக் காற்றே கிடைக்காது. அன்று எனக்கு முதுகில்தான் காற்று. இலவசமாகக் கிடைத்த வேகம் என்று மகிழ்ந்தேன்.

டயர் வெடிக்காதா என்று பலரும் கேட்கிறார்கள். 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படையினர் சைக்கிளில்தான் தெற்கே வந்தார்கள், 1942 ஜனவரி இறுதியில் ஜொகூர் பாருவை அடைந்தார்கள். வெப்பத்தில் டயர்கள் வெடிக்க, வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்று அவர்களின் அதிகாரி மசனோபு ட்சூஜி எழுதியிருக்கிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். டயருக்குள் இருக்கும் காற்று 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடானால், கெல்வினில் 300லிருந்து 330, அழுத்தம் 10 விழுக்காடு கூடும். நல்ல டயருக்கு அது பெரிய சுமை இல்லை. தேய்ந்த டயரும் அதிகப் பாரமும் சேர்ந்தால் கதை வேறு. டயருக்கு முன்பே தளர்ந்துவிடுவது அதை ஓட்டுகிறவர்தான்.

இப்போது தண்ணீர். கடினமாக ஓட்டும் ஒருவருக்கு மணிக்கு 1 லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கறுப்புச் சட்டை காய்ந்ததும் வெள்ளைக் கோடுகள் தெரிகிறவர்களுக்கு இன்னும் அதிகம். இழந்த தண்ணீரை வெறும் தண்ணீராலேயே ஈடுகட்டிக்கொண்டு, தாகம் இல்லாதபோதும் லிட்டர் லிட்டராகக் குடித்தால், இரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி குறையும். சவ்வூடு பரவல் படித்திருக்கிறீர்கள். அடர்த்தி குறைந்த இரத்தத்திலிருந்து நீர் உயிரணுக்களுக்குள் புகும், மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று அதன் அறிகுறிகளும் வெப்பப் பாதிப்பைப் போலவே இருப்பதுதான் கொடுமை. ஆகவே தாகத்திற்கு ஏற்பக் குடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொட்டலம் மலிவு. அது இல்லாவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 மட்டத் தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அரையேதான். கை தாராளம் இங்கே வேண்டாம். வழியில் சாப்பிடும் ஒரு தட்டுச் சோறும் ரசமும்கூட இந்த வேலையைச் செய்யும்.

ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் வியர்வை அளவு தெரிந்துவிடும். குறைந்த எடையோடு குடித்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் 1 லிட்டர். போத்தலில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தலையிலும் கையிலும் ஊற்றிக்கொள்வதும் நல்லதே. ஆவியாகும் நீர் உடலிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று உள்ளுறை வெப்பம் கேட்பதில்லை. ஊற்றும் நீர் சொட்டாமல் சட்டையை நனைத்தாலே போதும்.

இனி, தனியாகப் போவதைப் பற்றிப் பேச வேண்டும். வெப்பத்தின் ஆபத்து மற்ற ஆபத்துகளைப் போன்றதல்ல. முழங்காலில் அடிபட்டால் மூளை சொல்லிவிடும். மூளையே சூடாகும்போது யார் சொல்வது? பெக்கான் நானாஸுக்கு முந்தைய 5 கிலோமீட்டரில் நான் இரண்டு நிழற்குடைகளைத் தாண்டி வந்தேன். நிற்கலாமா என்று யோசித்ததும், வேண்டாம், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. அந்த முடிவை எடுத்தது தடுமாறத் தொடங்கியிருந்த மூளை. நண்பன் ஒருவன் பக்கத்தில் வந்திருந்தால் என் சைக்கிள் நெளிந்து போவதைப் பார்த்திருப்பான். எனக்கு நண்பனாக வாய்த்தது ஒரு பழச்சாற்றுக் கடை.

அதன் பிறகு நான் கைப்பிடியில் ஒரு சிறு அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டில், குளிர்ந்த மூளையோடு எழுதியது. 11 மணிக்கு நிழல், 5.30 வரை ஓட்டம் இல்லை. தலைவலி, குமட்டல், சிலிர்ப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தம். மணிக்கு ஒரு முறை வீட்டுக்குக் குறுஞ்செய்தி. அனுப்பும் முன் 100லிருந்து 7 ஏழாகக் கழித்துச் சொல்ல வேண்டும், 93, 86, 79 என்று. தடுமாறினால் வண்டி நகராது. வழியில் இந்த விதிகளை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் பள்ளி மாணவர்கள், தனியாகக் கிளம்பவே வேண்டாம், இரண்டு பேராவது போங்கள். ஒருவரையொருவர் கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திடலில் ஒரு நண்பன் வெயிலில் ஓடிவிட்டு உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கம் என்று சிலர் சொல்வார்கள். ஓடி ஆடி வருவதில் தோல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒருவர் 999க்கு அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்க வேண்டும்: நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள், காலணியையும் சட்டையையும் கழற்றுங்கள், உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். பெரிய தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால், தலையைப் பிடித்துக்கொண்டு உடலை அதில் அமிழ்த்துவது எல்லாவற்றிலும் சிறந்தது. நினைவு தெளிவில்லாதவருக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். 2023இல் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் இறந்தான். இது நம் நாட்டில் நடப்பதுதான்.

சரி, பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாமா? 1931 ஜூலை 7ஆம் நாள் சிங்கப்பூர் குயின் ஸ்திரீட்டிலிருந்து ராம்நாத் பிஸ்வாஸ் என்ற வங்காளி ஒருவர் தனியாகச் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா என்று போனார். அக்காலத்தில் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் வடக்கே வர ஜொகூர் பாலம் ஒன்றே தரைவழி. அது திறந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எடுத்துச் சென்றவை இரண்டு போர்வைகள், ஒரு சோடிச் செருப்பு, சைக்கிள் பழுதுபார்க்கும் பெட்டி. அவர் பட்டியலைப் படித்தபோது என் இரண்டு பைகளை நினைத்து வெட்கப்பட்டேன். மேட்டில் தூக்கிச் செல்லும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் வாட் செலவாகிறது. பெடலில் ஒரு வாட் கூடினால் உடலில் நான்கு வாட் வெப்பம் கூடும்.

அவருக்கு இருந்த இன்னொன்று நமக்கு இல்லை, வெப்பத்தில் பழகிய உடல். தினமும் வெயிலில் ஓரிரு மணி நேரம் உழைத்தால் 7 முதல் 14 நாளில் உடல் மாறும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு நிதானப்படும். 'நான் தம்போயில் பிறந்தவன், வெயில் பழக்கம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குளிர்சாதன அறையில் தூங்கி, குளிர்சாதனக் காரில் வந்து, விசிறிக்கடியில் பாடம் நடத்துகிறவனின் உடல் ஊரை மறந்துவிடுகிறது. விடுமுறையின் முதல் நாளே நீண்ட பயணம் போவது அதனால்தான் தவறு. நான் போனது முதல் நாளே.

அன்று மாலை 5.30க்கு மேல்தான் கடையிலிருந்து கிளம்பினேன். வெயில் தணிந்திருந்தது, கால்களும் ஒத்துழைத்தன. இருட்டிய பிறகு, முன்னும் பின்னும் விளக்கெரிய, கூக்கூப்பை அடைந்தேன். ஒரு தங்கும் விடுதிக்காரரிடம் கேட்டு அவர் முற்றத்தில் கூடாரம் போட்டேன். கொசுவுக்குப் பயந்து எல்லாப் பக்கமும் இழுத்து மூடிவிட்டேன். தூங்கும் மனிதனும் 70 வாட்டுக்கு மேல் வெப்பம் தருகிறான், மூச்சிலும் தோலிலும் நீராவி விடுகிறான். காற்று நுழையாத கூடாரத்தில் அது எங்கே போகும்? இரவு இரண்டு மணிக்கு எழுந்து வெளித்துணியின் கதவுகளைச் சுருட்டிக் கட்டி, வலையை மட்டும் மூடிய பிறகுதான் தூக்கம் வந்தது. பகலில் சூடான உடல் இரவில் ஆறாவிட்டால் மறுநாளின் வெப்பத்தை அது குறைந்த பலத்தோடுதான் சந்திக்கும். இடி மின்னல் இரவாக இருந்திருந்தால் கூடாரத்தில் இருந்திருக்கவே கூடாது. துணியும் கம்பியும் மின்னலுக்குத் தடை ஆகாது, உறுதியான கட்டடத்திற்குள் போய்விட வேண்டும்.

காலையில் கூடாரத்தின் உட்புறமெல்லாம் நீர்த்துளிகள். மழை பெய்யவில்லை. தெளிந்த வானத்தை நோக்கிக் கூடாரத் துணி இரவெல்லாம் வெப்பத்தைக் கதிர்வீசி, சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிட்டது. கன மீட்டருக்கு 23 கிராம் நீராவி உள்ள காற்று 25 டிகிரிக்குக் கீழே போனால் அந்த நீரைத் தாங்க முடியாது. முந்தைய நாள் என் வியர்வையை ஏற்க மறுத்த அதே ஈரம்தான் இப்போது துளியாகித் துணியில் தொங்கியது.

விடிந்ததும் தஞ்சோங் பியாய் போனேன். கண்டல் காட்டின் மீது போட்ட மரப்பாதையில் நடந்து முனையில் நின்றேன். 2003 முதல் அந்தக் காடு ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம். கடற்காற்று நேரே முகத்தில் அடித்தது. சட்டை பத்தே நிமிடத்தில் காய்ந்தது, முதுகில் உப்புக் கோடுகள் மிஞ்சின.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அறை வெப்பநிலையில் உள்ள நீரால் நனையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அளவைக் குறியுங்கள். பிறகு விசிறியை ஓடவிட்டு மறுபடி குறியுங்கள். காய்ந்த வெப்பமானி விசிறிக்கு அசையாது, ஈரமானது இறங்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் 31க்கும் 26.5க்கும் நின்றன. காலை, பிற்பகல், மழைக்குப் பின் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள்.

அடுத்த பயணத்தில் இந்த இரண்டு வெப்பமானிகளையும் கூடாரத்திற்குள் தொங்கவிட்டேன். காலை 6 மணிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. ஏன் என்று இப்போது நீங்களே சொல்லலாம்.